பேச்சு வராத மகனுக்கு வாங்கிய படச் சீட்டுத் தொகுப்பு

ஆட்டிசம் என்று உறுதியானபோது என் மகனுக்கு 3 வயது 2 மாதம். அந்த வாரம் பதறிப்போய் வாங்கிக் குவித்தவற்றில் இன்றும் தினமும் கையில் எடுப்பது இந்த ஒன்றைத்தான்: 120 படச் சீட்டுகளும், அவற்றை ஒட்டிவைக்க வெல்க்ரோ பட்டைகள் கொண்ட கோப்பும். 7 மாதம் பயன்படுத்திய பிறகு எழுதுகிறேன்.

உடன் வந்த குறிப்புத்தாளை முதலில் கிழித்துப் போடுங்கள். சீட்டைக் காட்டி "இது என்ன?" என்று குழந்தையிடம் கேட்கச் சொல்கிறது அது. இரண்டு வாரம் அப்படியே செய்தேன். கோப்பைக் கண்டாலே மகன் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டான். பேச்சுப் பயிற்சியாளர்தான் என்னைத் தடுத்தார். "சீட்டு நீங்கள் கேட்பதற்கு இல்லை, அவன் கேட்பதற்கு" என்றார்.

அமெரிக்காவில் 1985-இல் ஆண்டி பாண்டியும் லோரி ஃப்ராஸ்டும் உருவாக்கிய பெக்ஸ் (PECS) முறையை, அதாவது படச் சீட்டைக் கொடுத்து வேண்டியதைக் கேட்கும் முறையை, அவர் சொல்லிக்கொடுத்தார். முதல் கட்டத்துக்குப் பெரியவர்கள் இருவர் வேண்டும். பிள்ளைக்கு மிகப் பிடித்த பொருளோடு ஒருவர் எதிரே உட்கார வேண்டும். மற்றவர் பின்னால் இருந்து, ஒரு வார்த்தையும் பேசாமல், அவன் கையைப் பிடித்துச் சீட்டை எடுத்துக் கொடுக்க வைக்க வேண்டும். சீட்டு வந்த கணமே பொருளைத் தந்துவிட வேண்டும்.

எங்கள் வீட்டில் அந்தப் பொருள் சோப்புக் குமிழி. நான் எதிரே, அவன் அப்பா பின்னால். 9-ஆம் நாள் அப்பா தன் கையை விலக்கிக்கொண்டார். மகன் தானாகவே சீட்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். அதுவரை ஏதாவது வேண்டுமென்றால் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் போவான், முகத்தைப் பார்க்க மாட்டான். அன்று என்னிடம் கேட்டான். ஊத எனக்கு மூச்சு வரவில்லை, அழுகைதான் வந்தது.

கோப்பு உறுதியானது, எத்தனையோ முறை வீசி எறியப்பட்டும் கம்பி வளையவில்லை. சீட்டுகளில்தான் குறை. சீட்டில் வரைந்த சிவப்புக் குவளையையும் தன் நீலக் குவளையையும் அவனால் இணைக்க முடியவில்லை. எங்கள் வீட்டுப் பொருள்களையே புகைப்படம் எடுத்து 30 சீட்டுகளுக்கு மேல் ஒட்டினேன். பளபளப்பான உறை விளக்கொளியில் மின்னுவதால் படத்தை விட்டுவிட்டு மினுக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வெல்க்ரோவைப் பிய்க்கும் சத்தத்துக்குக் காதைப் பொத்தினான். துண்டுகளைப் பாதியாக வெட்டியதும் சத்தம் தணிந்தது.

என்னால் மன்னிக்க முடியாதது வேறு. ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை, 12 நிறங்கள் எல்லாம் இருக்கின்றன. 'வேண்டாம்' இல்லை, 'போதும்' இல்லை, 'வலிக்கிறது' இல்லை. பேச்சில்லாத பிள்ளைக்கு முதலில் தேவைப்படுவதே இவைதானே? நகம் வெட்டும்போது தன் கையையே கடித்துக்கொள்வான். நான் செய்து கொடுத்த 'போதும்' சீட்டை இப்போது நீட்டுகிறான். மூன்று விரலோடு நிறுத்திவிடுகிறேன், மீதியை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

கோப்புக்காக வாங்கலாம். சீட்டுகளை நீங்களே செய்துகொள்ளுங்கள். தொடங்க ஐந்து போதும். கோப்பு எப்போதும் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் இருக்கட்டும். அடம்பிடித்தான் என்று அதை எடுத்து ஒளித்துவைக்காதீர்கள், அது அவன் வாய்.

சீட்டைப் பழக்கினால் பேச்சே வராது என்று உறவினர்கள் பயமுறுத்தினார்கள். ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை என்று பயிற்சியாளர் விளக்கிய பிறகுதான் நிம்மதியாகத் தூங்கினேன். சில நாள்களாகக் குமிழிச் சீட்டைத் தரும்போது "கு" என்கிறான். சில நாள் ஒன்றும் சொல்வதில்லை. சீட்டு கைக்கு வந்தால் ஊதிவிடுகிறேன்.