மறியலா, ஓட்டா: தோட்டத்து ஆளுக்கு எது உதவும்?

மலேசியாவில் நம்ம சுங்கை சிப்புட் ஒட்டுக்கடையில் செம்பனைத் தோட்டத்துத் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணே, ஓட்டு போட்டு என்ன மாறுச்சு? தெருவுல இறங்குனாத்தான் திரும்பிப் பார்ப்பாங்க." சரி, இரண்டையும் எடை போட்டுப் பார்ப்போம்.

செலவு: ஓட்டுக்குக் கொஞ்ச நேரம் போதும்; அதற்காக முதலாளி சம்பளத்தைப் பிடிக்கக் கூடாது என்பது சட்டம். மறியலுக்குப் போனால் நாள் சம்பளம் போகும். குலை வெட்டிப் பிழைக்கும் வீட்டில் அது சின்ன விஷயமில்லை.

வேகம்: ஓட்டுக்கு ஐந்தாண்டு வரை காத்திருக்க வேண்டும். லயத்தை, அதாவது தோட்டத்து வீட்டை, காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்துவிட்டால் யாரால் முடியும்? அங்கே மறியல்தான்.

நிலைப்பது: இதில் ஓட்டுக்கே பலம் அதிகம். 2007 நவம்பர் 25 அன்று இந்தியர் உரிமைக்காக இண்ட்ராஃப் இயக்கம் நடத்திய பேரணியில் கண்ணீர்ப்புகையும் தண்ணீர்ப் பீரங்கியும் பாய்ந்தன. அடுத்த மாதமே தலைவர்கள் ஐவரை விசாரணையின்றி அடைத்தார்கள். அப்புறம் வந்தது 2008 மார்ச் 8 தேர்தல். அப்போது ஆண்ட தேசிய முன்னணி கூட்டணி மூன்றில் இரண்டு பெரும்பான்மையை இழந்தது. இங்கே மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவர் சாமிவேலுவே தோற்றார். அந்த ஐவரில் ஒருவரான மனோகரன், அடைபட்டிருந்தபடியே சிலாங்கூர் கோத்தா ஆலாம் ஷா சட்டமன்றத் தொகுதியில் ஜெயித்தார். தெருவில் கிளம்பிய கோபம் பெட்டிக்குள்ளும் போய் விழுந்தது.

அதனால் தம்பி, வீடு, நிலுவைச் சம்பளம், கோயில் நிலம் என்றால் மறியல். ஐந்து நாள் முன்பே போலீசுக்கு அறிவிப்பு கொடுத்துவிடுங்கள். சட்டமும் ஆட்சியும் மாறவேண்டும் என்றால் ஓட்டு. 18 வயதானால் பெயர் தானாகவே பதிவாகிவிடும். ஆனால் எந்தத் தொகுதி என்று பாருங்கள். டவுனுக்குக் குடிவந்தும் ஐசியில் (அடையாள அட்டையில்) பழைய தோட்டத்து முகவரியோடு இருப்பவர்கள் நம்மில் உண்டு.