இன்டெலிஜே ஐடியா: ரீஃபாக்டரிங்கில் எவ்வளவு நம்பலாம்?

ரீஃபாக்டரிங் என்றால் கோடு செய்யும் வேலையை மாற்றாமல் அதன் அமைப்பைச் சீராக்குவது. அதில், 2001-இல் வெளிவந்த இந்தக் கோடு எடிட்டரின் உண்மையான பலம் பெயர் மாற்றம்தான். ஷிஃப்ட் எஃப்6 அழுத்தினால் நடப்பது வெறும் எழுத்துத் தேடல் அல்ல. ஜாவா, காட்லின் கோடின் அமைப்பைப் புரிந்துகொண்டு, பெயர் மாறும் மெத்தடை (பெயரிட்டு அழைக்கும் கோடுத் துண்டை) அழைக்கும் இடங்களை மட்டும் மாற்றும். வேறு கிளாஸில் அதே பெயர் இருந்தால் தொடாது.

சறுக்குவது ஸ்ட்ரிங்குகளில், அதாவது மேற்கோள் குறிக்குள் எழுதும் உரையில். ரிஃப்ளெக்‌ஷனில் (ஓடும்போது பெயரை வைத்து மெத்தடைத் தேடி அழைக்கும் வழி) மெத்தட் பெயரை ஸ்ட்ரிங்காக எழுதியிருந்தால் கம்பைலர் வாய் திறக்காது, ஓடும்போதுதான் உடையும். காமென்ட், ஸ்ட்ரிங்குகளிலும் தேடும் வசதியை இயக்கி, ப்ரிவ்யூவை வரிவரியாகப் பார்த்துவிட்டு ஒப்புதல் கொடுங்கள். ஜேசன் (நிரல்கள் தரவைப் பரிமாறும் எழுத்து வடிவம்) இன்னும் மோசம்: கிளாஸில் உள்ள ஃபீல்டும், அதன் மதிப்பைத் தரும் கெட்டர் மெத்தடும் பெயர் மாறினால் வெளியே போகும் தரவின் சாவியும் சத்தமில்லாமல் மாறும். ஜாவா தரவை ஜேசனாக்கும் ஜாக்சன் நூலகத்தைப் பயன்படுத்தினால் பழைய பெயரை முதலில் ஜேசன்ப்ராப்பர்ட்டி அனோட்டேஷனில் பூட்டுங்கள்.

நீண்ட மெத்தடைப் பிரிக்க, விண்டோஸிலும் லினக்ஸிலும் கன்ட்ரோல் ஆல்ட் எம். வெட்டும் பகுதி இரண்டு மாறிகளுக்கு மதிப்பு கொடுத்து, இரண்டும் கீழே தேவைப்பட்டால் சிக்கும். ஜாவா மெத்தட் ஒரு மதிப்பைத்தானே திருப்பித் தரும். இரண்டையும் சிறு கிளாஸில் சேர்த்துவிட்டுப் பிரியுங்கள்.

டெஸ்ட் இல்லாத பழைய கோடுக்கு இது காவல் இல்லை. பெரிய ப்ராஜெக்டில் இன்டெக்ஸிங் (கோடு முழுவதையும் படித்துப் பட்டியலிடும் வேலை) முடியும்வரை பெயர் மாற்றத்தைத் தொடவும் முடியாது. நினைவகத்தையும் தாராளமாகவே விழுங்கும்.