பழைய ஜீன்ஸை அனுப்பி "அதே மாதிரி" தைக்கக் கொடுக்கப் போறீங்களா? இதைப் படிச்சுட்டுப் போங்க

கடை பேரைப் போட மாட்டேன். போட்டா வக்கீல் நோட்டீஸ் வரும்னு ஏற்கெனவே மிரட்டியாச்சு. எந்த மாதிரிக் கடைன்னு மட்டும் சொல்றேன். இன்ஸ்டாகிராம்ல மட்டும் நடக்கிற தையல் கடை. உங்களுக்குப் பிடிச்ச பழைய ஜீன்ஸைக் கூரியர்ல அனுப்பினா அச்சு அசலா புதுசு தைச்சுத் தருவாங்களாம், பழசும் பத்திரமாத் திரும்பி வருமாம். ரெண்டு ஜீன்ஸுக்கு 6,800 ரூபாய். முழுசும் முன்பணம்.

எனக்கு இடுப்பு 30 அங்குலம், சீட் (பின்பக்கச் சுற்றளவு) 43, உயரம் அஞ்சடி ஒண்ணு. கடையில 30 எடுத்தா தொடையைத் தாண்டாது. 34 எடுத்தா ஏறும், ஆனா பின்னாடி இடுப்புல ஒரு கை தாராளமா உள்ள போகும். பெல்ட் போட்டு இறுக்கினா புடவைக் கொசுவம் மாதிரி மடிஞ்சு நிக்கும். தெருமுனை டெய்லர்கிட்ட கொடுத்தா இடுப்புப் பட்டியோட பின் நடுவுல மட்டும் பிடிச்சுத் தருவார், அதுக்குக் கீழே இருக்கிற யோக்கை, அதாவது பட்டியையும் பின்பக்கத்தையும் சேர்க்கிற துண்டை, தொடவே மாட்டார், அதனால அந்த இடம் கூம்பாத் தூக்கிக்கிட்டு நிக்கும். நீளத்தை வெட்டினா முட்டிக்குன்னு குறுக்கின இடம் முட்டிக்குக் கீழே வந்து உட்காரும். இவ்வளவுக்கும் நடுவுல ஒரே ஒரு ஜீன்ஸ் எனக்கு அமைஞ்சது. பின் ரைஸ், அதாவது கவட்டையிலிருந்து பின் இடுப்பு வரைக்கும் இருக்கிற அளவு, நல்ல உயரம், பட்டியை நேரா வெட்டாம வளைவா வெட்டியிருப்பாங்க, குனிஞ்சாலும் இடைவெளி விழாது. அந்த மாடலையே இப்ப நிறுத்திட்டாங்க. உள்தொடை தேய்ஞ்சு நூல் தெரிய ஆரம்பிச்ச நேரத்துலதான் இந்தக் கடை விளம்பரம் கண்ணுல பட்டுச்சு.

போன் பண்ணி விசாரிச்சேன். 'மாஸ்டர்'னு ஒருத்தர் பேசினார். "உட்காரும்போது பின்னாடி பட்டி விலகுதாம்மா? முன்னாடி கவட்டையில குறுக்கே கோடு விழுதா? உங்களுக்கு எப்பவும் உள்தொடைதானே முதல்ல போகும்?" எந்த டெய்லரும் இதுவரை என்கிட்ட இதைக் கேட்டதில்ல. ஜவுளிக்கடையில என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டு "உங்களுக்கு லெக்கின்ஸ்தான் மேடம் செட் ஆகும்"னு சொல்வாங்க, அதைக் கேட்டே பழகிட்டேன். இந்த மனுஷன் என் உடம்பைப் பத்தி ஒரு குறை சொல்லல, துணியைப் பத்தி மட்டும் பேசினார். பழசைப் பிரிப்பீங்களான்னு கேட்டேன். "ஐயோ, பிரிக்கவே மாட்டோம்மா. தையலோரமா குண்டூசி குத்திப் பேப்பர்ல எடுத்துடுவோம்." அப்படி ஒரு முறை நிஜமாவே இருக்கு. லேபிள்ல 98 சதவீதம் காட்டன், 2 சதவீதம் எலாஸ்டேன் (இழுவை கொடுக்கிற இழை)னு இருந்ததைப் படிச்சுச் சொன்னேன். "அதே துணிதான் போடுவோம், கவலையே படாதீங்க." 6,800 ரூபாயை அப்பவே ஜிபே பண்ணேன்.

வந்த பார்சல்ல நீலம் ஒண்ணு, கறுப்பு ஒண்ணு. ரெண்டுமே கனமான முழு காட்டன், துளி ஸ்ட்ரெச் இல்ல. டேப் வச்சுப் பார்த்தா பழைய அளவை அப்படியே எடுத்திருக்காங்க, வில்லங்கமே அங்கதான். ஸ்ட்ரெச் டெனிம்ல எலாஸ்டேன் பெரும்பாலும் ஊடை நூல்ல, அதாவது குறுக்கே ஓடுற நூல்ல இருக்கும், அதனால குறுக்குவாட்டுல இழுத்துக் கொடுக்கும். தொடையில டேப்புக்கு 23 அங்குலம் காட்டுற ஜீன்ஸ் என்னோட 25 அங்குலத் தொடையில சுகமா உட்காரும். அதே 23-ஐ முழு காட்டன்ல வெட்டினா எப்படி ஏறும்? தையல் தெரிஞ்சவனுக்கு இது முதல் பாடம். கறுப்பை நனைச்சாவது இளகுதான்னு பார்த்தேன். இளகல, ஒரு கால் முறுக்கிக்கிட்டு சைடு தையல் முன்பக்கம் வந்து நிக்குது. நூலோட்டம், அதாவது நூல் ஓடுற திசை, பார்க்காம துணியைக் கோணலா வெட்டினா இப்படித்தான் ஆகும்.

இதைக்கூடப் பொறுத்துக்குவேன். என் பழைய ஜீன்ஸ் அடியில ஒரு பிளாஸ்டிக் கவர்ல இருந்துச்சு. துண்டு துண்டா! தையலைப் பிரிக்கக்கூட இல்ல, ரெட்டைத் தையலை ஒட்டிக் கத்திரியால வெட்டியிருக்காங்க. மறுபடி சேர்க்கத் தையலுக்கு விட்ட துணியே இல்ல. வளைவுப் பட்டியைக் காணவே காணோம்.

மெசேஜ் போட்டேன். முதல் பதில், "போடப் போட லூஸ் ஆகிடும் சிஸ்." போட்டாத்தானே? அடுத்தது, "அளவு கரெக்ட்டா இருக்கு மேம், இடையில நீங்க வெயிட் போட்டிருப்பீங்க." பழசைக் கூரியர் பண்றதுக்கு முந்தின நாள் வரைக்கும் அதைத்தான்யா போட்டிருந்தேன்! அப்புறம் மாஸ்டர் ஊருக்குப் போயிட்டார். பிறகு "கஸ்டம் ஆர்டருக்கு ரிட்டர்ன் கிடையாது." பட்டி எங்கேன்னு கேட்டதுக்கு "வேஸ்ட்ல போயிருக்கும் மேம்." 6,800 ரூபாயைத் திருப்பிக் கேட்டப்பதான் அந்த வக்கீல் பேச்சு. இப்ப ப்ளூ டிக் மட்டும் விழுது.

நல்லா ஜீன்ஸ் தைக்கிற ஆளை எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு விரிவா எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்ப இருக்கிற கோவத்துல இவ்வளவுதான் வருது. உங்ககிட்ட இருக்கிற ஒரே நல்ல ஜீன்ஸைக் கையை விட்டு அனுப்பாதீங்க. துணி சாம்பிள் வாங்கி, அதையும் பழசையும் பக்கத்துல வச்சுக் குறுக்கே இழுத்துப் பார்த்துட்டு அப்புறம் வெட்டச் சொல்லுங்க. ட்ரையல் இல்லாம ரெண்டு ஆர்டர் பண்ணாதீங்க. பாதிப் பணத்துக்கு மேல முன்கூட்டிக் கொடுக்காதீங்க. பேச்சுல சொன்னதை எல்லாம் வாட்ஸப்ல எழுதி வாங்குங்க.

'ரிட்டர்ன் கிடையாது'ன்னு சொன்னா அடங்கிப் போகாதீங்க. பேசின மாதிரி இல்லாத பொருளைத் திரும்ப வாங்க மாட்டேன்னு ஆன்லைன் விற்பனையாளர் சொல்லக் கூடாது, 2020 மின்வணிக விதிகள்லயே இருக்கு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும்னா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல மனுவுக்குக் கட்டணமும் இல்ல. ஸ்கிரீன்ஷாட், ஜிபே ரசீது, துண்டுத் துணி போட்டோ எல்லாம் எடுத்து வச்சாச்சு, 6,800 ரூபாயை விடப் போறதில்ல. 1915-ல ரிங் போகுது, வச்சிடுறேன்.