பிம் ஸ்பார்ஸ் மோடா, எஸ்.எஸ்.எம்.மா? வளாக ஐபி டிவிக்கு எது தோது

ஒரு வளாகத்தில் ஐபி டிவி ஓட வேண்டும். அனுப்பும் சர்வர் ஒன்று, பார்ப்பவர்கள் பலர். ஒரே ஓட்டத்தைக் கேட்பவர்கள் எல்லோருக்கும் பிரித்தனுப்பும் முறை மல்டிகாஸ்ட்; ரவுட்டர்களுக்கிடையே அதற்கு வழி அமைப்பது பிம் நெறிமுறை. அதை டென்ஸ் மோட், ஸ்பார்ஸ் மோட், எஸ்.எஸ்.எம். (அனுப்புபவரையும் குறிப்பிட்டுக் கேட்பது) ஆகியவற்றில் எந்த வகையில் இயக்குவது?

டென்ஸ் மோடைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. கேட்டாலும் கேட்காவிட்டாலும் எல்லாப் பக்கமும் பாக்கெட்டுகளைக் கொட்டும். வேண்டாம் என்ற பக்கத்தில் நிறுத்தும். மூன்று நிமிடம் போல் ஆனதும் மறுபடி கொட்டும். அது ஆய்வுக்கூடத்தோடு நிற்கட்டும்.

ஸ்பார்ஸ் மோடில், பார்ப்பவருக்குக் குழு முகவரி (சேனலுக்கான மல்டிகாஸ்ட் முகவரி) மட்டும் தெரிந்தால் போதும்; அனுப்புபவர் யார் என்று தெரிய வேண்டாம். அவருடைய ரவுட்டர், இரு தரப்பும் சந்திக்கும் பொது ரவுட்டரான ஆர்.பி.யிடம் 'எனக்கு இந்தக் குழு வேண்டும்' என்று கேட்கிறது. சர்வர் பக்கத்து ரவுட்டரும் முதல் பாக்கெட்டுகளைப் பொதிந்து அதே ஆர்.பி.க்கு அனுப்புகிறது. அறிமுகம் ஆனதும் இரு தரப்பும் நேர்வழிக்கு மாறிவிடுகின்றன. சிஸ்கோவில் முதல் பாக்கெட் வந்த உடனே மாறுவதுதான் இயல்பு அமைப்பு. கல்யாணத் தரகர் வேலைதான். ஆனால் அந்தத் தரகருக்காக நாம் படும் பாடு கொஞ்சமல்ல: ஆர்.பி. யார் என்று ஊருக்கெல்லாம் சொல்ல பி.எஸ்.ஆர்., அது விழுந்தால் கைகொடுக்க எனிகாஸ்ட் ஆர்.பி., அவற்றுக்குள் தகவல் பரிமாற எம்.எஸ்.டி.பி. போதாக்குறைக்கு, வளாகத்தில் யார் வேண்டுமானாலும் அதே குழு முகவரிக்கு அனுப்பலாம். வடிகட்டி போடாவிட்டால் செய்தி சேனலுக்குள் யாரோ ஒருவரின் சோதனை வீடியோவும் வந்து கலக்கும்.

எஸ்.எஸ்.எம்.மில் ஆர்.பி.யே கிடையாது. 232.0.0.0/8 என்ற முகவரித் தொகுதி இதற்கென்றே ஒதுக்கப்பட்டது. பார்ப்பவரே 'இந்தச் சர்வரிடமிருந்து, இந்தக் குழு' என்று கேட்பதால் கோரிக்கை நேராகச் சர்வரை நோக்கிப் போகிறது; வேறொருவர் அனுப்புவது உள்ளே நுழையாது. நிறுவன எல்லைகளைத் தாண்டும் மல்டிகாஸ்டுக்குப் யார் அனுப்பினாலும் ஏற்கும் பழைய முறையைக் கைவிட்டு இதற்கு மாறச் சொல்லி 2020-இல் ஆர்.எஃப்.சி. 8815 என்ற இணைய நெறிமுறை ஆவணம் வந்தது. எல்லைக்குள்ளும் ஐபி டிவிக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

இடறுவது ஓரிடத்தில்: பார்ப்பவரின் கருவி ரவுட்டரிடம் குழுவைக் கேட்கப் பயன்படும் ஐ.ஜி.எம்.பி. நெறிமுறையின் மூன்றாம் பதிப்பு வேண்டும். செட்டாப் பாக்ஸ் இரண்டாம் பதிப்போடு நின்றுவிட்டால், எந்தக் குழுவுக்கு எந்தச் சர்வர் என்று ரவுட்டரிலேயே எழுதிவைக்கும் எஸ்.எஸ்.எம். மேப்பிங் கைகொடுக்கும். நடுவில் உள்ள சுவிட்சின் ஸ்னூப்பிங்கும் (கோரிக்கைகளைக் கவனித்து, கேட்ட பக்கத்துக்கு மட்டும் அனுப்பும் வசதி) மூன்றாம் பதிப்பை அறிந்திருக்கிறதா என்று வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். யார் எப்போது அனுப்புவார் என்றே தெரியாத பயன்பாடுகளுக்கு ஆர்.பி.யை விட்டால் வழியில்லை.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஆர்.பி.எஃப். சோதனையிலிருந்து தப்ப முடியாது. பாக்கெட் வந்த வழி, அனுப்பியவரை அடைய யூனிகாஸ்ட் (ஒருவருக்கு மட்டும் அனுப்பும் வழக்கமான முறை) வழி அட்டவணை காட்டும் வழியாக இருக்க வேண்டும். ஓ.எஸ்.பி.எஃப். என்ற வழித்தேர்வு நெறிமுறையில் லிங்கின் காஸ்டை (செலவு மதிப்பை) மாற்றிப் போக்குவரத்தைப் புதிய லிங்கில் திருப்பிவிட்டு, அந்த லிங்கில் பிம்மை இயக்க மறந்தால் பிங் ஓடும், படம் வராது. அவசரத்தில் பலரும் ரூட்-மேப் எழுதி, கொள்கைவழி ரூட்டிங்கால் பழைய லிங்குக்கே திருப்பப் பார்ப்பார்கள். பயனில்லை, ஆர்.பி.எஃப். அந்தக் கொள்கையைப் பார்ப்பதே இல்லை.

பிம்மை இயக்கவே முடியாத லிங்க் என்றால், சிஸ்கோவில் 'ஐபி எம்ரூட்' கட்டளை, ஆர்.பி.எஃப். சோதனைக்குப் பிம் ஓடும் லிங்கைக் காட்டி ஒரே வரியில் வேலையை முடிக்கும். அதில் முதலில் எழுதும் முகவரி பாக்கெட் போகும் இடமல்ல, புறப்பட்ட இடம். புதியவர்கள் தலைகீழாக எழுதுவது இங்கேதான். ஜூனிப்பரில் 'இநெட்.2' என்று தனி அட்டவணை வைத்து, ரிப்-குரூப் (அட்டவணைகளுக்கிடையே வழிகளைப் பகிரும் அமைப்பு) வழியே அதை நிரப்பி, பிம்மை அதைப் பார்க்கச் சொல்ல வேண்டும். எழுத வரிகள் அதிகம். ஆனால் மல்டிகாஸ்டுக்கு எந்த வழி என்பது அந்த ரவுட்டரில் ஒரே அட்டவணையில் இருக்கும். லிங்குகள் பெருகும் வளாகத்தில் ஒவ்வொன்றாகக் கையால் எழுதிய எம்ரூட் வரிகளைத் தேடுவதைவிட அது எனக்குப் பிடித்திருக்கிறது. இரண்டே லிங்குகள் உள்ள இடத்துக்குச் சிஸ்கோவின் ஒற்றை வரி போதும்.