பிரிக்கப்பட்ட டப்பாவில் கருமருந்து வாங்காதீர்கள்

பென்சில்வேனியாவில் ஃபிளின்ட்லாக் துப்பாக்கி வைத்திருக்கும் தமிழர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்று நினைக்கிறேன். குழலின் வாய்வழியாகக் கருமருந்தை (கரி, கந்தகம், வெடியுப்பு கலந்த பழைய ரக வெடிமருந்து) கெட்டித்து, ஈயக்குண்டைத் துணியில் சுற்றி இடித்து இறக்கிச் சுடும் ரகம். ஊரில் நாட்டுத் துப்பாக்கி என்பார்களே, ஏறக்குறைய அதன் அண்ணன். எண்ணிக்கை குறைவுதான், ஆனால் இதைப் படிக்கிற ஒரே ஒருவருக்காவது உபயோகப்படும் என்றுதான் எழுதுகிறேன். என் பணம் போனது பெரிய விஷயமில்லை. என் இடது கை போயிருக்கும்.

2021 செப்டம்பரில் லூசியானாவில் மிண்டன் அருகே இருந்த கோஎக்ஸ் ஆலையை மூடப்போவதாக அறிவித்தார்கள். அமெரிக்காவிலேயே கருமருந்து தயாரித்துக்கொண்டிருந்த பெரிய ஆலை அது ஒன்றுதான். அறிவிப்பு வந்த வேகத்தில் கடைகளில் இருந்ததெல்லாம் காலி. அடுத்த வருடம் எஸ்டெஸ் என்ற நிறுவனம் அதை வாங்கி மறுபடி ஓட்டத் தொடங்கியது வேறு கதை. 2021 நவம்பரில் எனக்கு அதெல்லாம் தெரியாதே. இங்கே கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு ஃபிளின்ட்லாக் மான் வேட்டைக் காலம் தொடங்கிவிடும், என்னிடமோ அரை டப்பாகூட இல்லை.

பைரோடெக்ஸ், டிரிப்பிள் செவன் போன்ற மாற்று மருந்துகளை வாங்கலாமே என்று கேட்பீர்கள். பெர்கஷன் கேப் என்ற சின்ன வெடித்தொப்பியை வைத்துச் சுடும் துப்பாக்கிக்குச் சரி. ஃபிளின்ட்லாக்கில் சிக்கிமுக்கிக் கல் தட்டி, கிண்ணத்தில் இருக்கும் கொஞ்சம் மருந்து பற்றி, ஒரு சின்னத் துளை வழியாக நெருப்பு உள்ளே போகவேண்டும். மாற்று மருந்து பற்றிக்கொள்ள இன்னும் அதிகச் சூடு கேட்கும். அதனால் அசல் கருமருந்து இல்லாமல் எனக்கு வேலை நடக்காது. எனக்கு மருந்து விற்ற மேசைக்காரர் கண்டுபிடித்ததும் இந்தப் பலவீனத்தைத்தான்.

ஒரு துப்பாக்கிக் கண்காட்சியில் மூலையில் இருந்த மேசை. கடைப் பெயர்ப் பலகை கிடையாது. லேமினேட் செய்த ஒரு தாள் மட்டும் நிறுத்தி வைத்திருந்தார். ஸ்விஸ், கோஎக்ஸ், ஷூட்ஸன் என்ற மூன்று பிராண்டு கருமருந்தையும் ஒரே துப்பாக்கியில் சுட்டுப் பார்த்த அட்டவணையாம். ஸ்விஸ் மருந்தில் நொடிக்கு 200 அடி கூடுதல் வேகம், குண்டுகள் விழும் வட்டம் பாதியாகச் சுருங்குகிறது. கேட்ட கேள்விக்கெல்லாம் நிதானமாகப் பதில் சொன்னார். பவுண்டுக்கு 45 டாலர், ரொக்கம் மட்டும். ஸ்விஸ்ஸில் ஒரு பவுண்டு டப்பா நான்கு வாங்கினேன். ரசீது கேட்கவில்லை. கேட்கத் தோன்றவுமில்லை.

அந்தத் தாளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைப் படம் பிடித்து வைத்திருந்தேன், வீட்டில்தான் பெரிதாக்கிப் பார்த்தேன். ஸ்விஸ் வரிசையில் 3எஃப், மற்ற இரண்டிலும் 2எஃப். எஃப் கூடக்கூடப் பொடி நைசு, நைசான பொடி வேகமாக எரியும். அதாவது பிராண்டை ஒப்பிடவே இல்லை, பொடியின் பருமனைத்தான் ஒப்பிட்டிருக்கிறார். போதாக்குறைக்கு அளவெல்லாம் எடையில் இல்லை, அளவுக் குழாயில். என் 70 கிரெயின் (மருந்தை நிறுக்கும் சின்ன எடை அலகு) அளவுக் குழாயில் கோஎக்ஸை நிரப்பித் தராசில் வைத்தால் 69 வருகிறது, ஸ்விஸ் 74 வருகிறது. ஐந்து கிரெயின் கூடுதலாகப் போட்டுவிட்டு வேகம் கூடுகிறது என்றால் கூடத்தானே செய்யும்! ஸ்விஸ் நல்ல மருந்து என்பதில் சந்தேகமில்லை, எனக்கும் பிடிக்கும், சுட்டபிறகு குழலில் படியும் கரியும் ஈரமாக, துடைக்கச் சுலபமாக இருக்கும். ஆனால் அந்தத் தாள் சொன்ன அளவுக்கு இல்லை.

சரி, அது பொய்க் கணக்கு. அடுத்தது அதைவிட மோசம்.

சுடுகளத்தில் குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் வைத்து, அரை அங்குல (.50) குழலில் 70 கிரெயின் போட்டு முதல் டப்பாவைச் சோதித்தேன். சராசரி நொடிக்கு 1,840 அடி, பத்துச் சுடுகளில் ஏற்றத்தாழ்வு 30 அடிக்குள். 50 கஜத்தில் குண்டுகள் இரண்டு அங்குலத்துக்குள். மகிழ்ச்சி. இரண்டாவது டப்பாவைத் திறந்தபோது மூடி சுலபமாகச் சுழன்று வந்தது, முதலாவதில் இருந்த இறுக்கம் இல்லை. அப்போதே நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. முதல் சுடு 1,510. அடுத்தது 1,650. மூன்றாவதில் கிண்ணம் பளிச்சென்று எரிந்தது, துப்பாக்கி வெடிக்கவில்லை, 'ஒன்று' என்று எண்ணி முடிப்பதற்குள் வெடித்தது. அந்தத் தாமதத்தில் துப்பாக்கியைக் கண்ணிலிருந்து கீழே இறக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது. நான்காவதுக்குக் குண்டே இறங்க மறுத்தது, குழலுக்குள் காய்ந்த கரி அப்படி அப்பியிருந்தது.

பக்கத்து மேடையில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்து, என்னைக் கேட்காமலே டப்பாவை வாங்கி, வெள்ளைத் தாளில் கொஞ்சம் கொட்டினார். அசல் ஸ்விஸ் பொடி உருண்டையாக, மெருகோடு பளபளக்கும். இதில் பாதிக்குமேல் சாம்பல் நிறம், பெரிசும் சிறிசுமாகக் கலந்து கிடந்தது. ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் போட்டார். கறுப்புக் குழம்பாகக் கரைந்தது. அதைப் பார்த்ததும்தான் அவர் முகம் தெளிந்தது. இன்றைய தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்தின் குருணை தண்ணீரில் கரையாது. அது மட்டும் கலந்திருந்தால், இந்தப் பழைய ரகக் குழல் அந்த அழுத்தத்தைத் தாங்காது, பிளந்திருக்கும், நீ இப்போது மருத்துவமனையில் இருந்திருப்பாய் என்றார். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார்: சந்தேகம் வந்தபின் ஏன் இன்னொரு முறை கெட்டித்தாய்? அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மூன்றாவது டப்பாவும் அப்படியே. லேபிளின் ஓரத்தில் பிரித்து ஒட்டிய பசைத் தடம், லாட் எண் (எந்தத் தொகுதியில் தயாரானது என்று காட்டும் எண்) இருக்க வேண்டிய இடம் சுரண்டப்பட்டிருந்தது. நான்காவது அசல். இரண்டு நல்லது, இரண்டு கெட்டது என்று கணக்குப் போட்டுத்தான் கொடுத்திருக்கிறார், வாங்குபவர் முதலில் திறப்பது நல்லதாக இருந்தால் போதும். கெட்ட இரண்டையும் தண்ணீரில் கரைத்து ஒழித்தேன். டப்பா மீது பெயர் இருக்கிற நிறுவனத்துக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை, நடுவில் யாரோ செய்த வேலை.

கண்காட்சி நடத்தியவர்களிடம் போனேன். அந்த மேசையை ஒருவர் எடுத்து இன்னொருவருக்கு விட்டிருக்கிறார், பெயர் தெரியாது என்றார்கள். பழங்காலத் துப்பாக்கிக்காக வாங்குபவருக்கு 50 பவுண்டு வரை உரிமம் தேவையில்லை, ஆனால் விற்பவருக்கு மத்திய அரசின் வெடிபொருள் உரிமம் வேண்டும். அதைக் காட்டச் சொல்லி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மேசையைவிட்டு நானே நகர்ந்திருப்பேன். 180 டாலரை விடுங்கள்.

இப்போது நாலைந்து பேர் சேர்ந்து உரிமம் உள்ள விற்பனையாளரிடம் பெட்டியாக வரவழைக்கிறோம். அபாயப் பொருள் கட்டணம் தனியாக உண்டு, பங்கிட்டால் வலிக்காது. டப்பா வந்ததும் லாட் எண்ணை எழுதிவைத்து, வெள்ளைத் தாளில் கொட்டிப் பார்த்து, ஒவ்வொரு டப்பாவிலிருந்தும் எடுத்துத் தராசில் நிறுத்தபிறகுதான் குழலில் இறக்குகிறேன்.

போன மாதம் வேறொரு ஊர்க் கண்காட்சிக்குப் போயிருந்தேன். மூலையில் ஒரு மேசை. அதே லேமினேட் தாள், அதே ஸ்விஸ் வரிசை. உட்கார்ந்திருந்த ஆள் மட்டும் வேறு.