என்விடிஏ ரிமோட்டா, டேண்டமா, எனிடெஸ்க்கா? பார்வையற்றவர் இன்னொரு பார்வையற்றவரின் கணினிக்குள் போக எது கைகொடுக்கும்

உசிலம்பட்டியில் ஒரு வங்கி ஊழியரின் மடிக்கணினியில் வேர்டு திறக்க மறுக்கிறது. சரிசெய்யத் தெரிந்த நண்பர் இருப்பது மதுரை தல்லாகுளத்தில். இருவருக்கும் பார்வை இல்லை. இடையில் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். எங்கள் பக்கத்தில் இது வழக்கமான நிலைமை. சுந்தரராஜன்பட்டியில் எஸ்.எம்.ஏ. ஜின்னா 1985இல் தொடங்கிய இந்தியப் பார்வையற்றோர் சங்கம் போன்ற இடங்களில் சேர்ந்து படித்தவர்கள், வேலை கிடைத்ததும் தேனி, மேலூர், ராமநாதபுரம் என்று பிரிந்து போய்விடுகிறார்கள். கணினி மக்கர் செய்தால் கூப்பிடுவது மட்டும் அதே பழைய தோழனைத்தான்.

இணைவதற்கு வழி பல உண்டு. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு என் அளவுகோல் ஒன்றே: அந்தக் கருவி மறுமுனையிலிருந்து எதைக் கொண்டுவருகிறது? சொல்லையா, ஒலியையா, படத்தையா? எங்கே கோளாறு வரும் என்பதையும் இதுதான் முடிவு செய்கிறது.

சொல்லைக் கொண்டுவருவதில் முதலிடம் என்விடிஏ ரிமோட்டுக்கு. என்விடிஏ என்பது திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் இலவசத் திரைவாசிப்பான்; அது ஓடும் இரண்டு கணினிகளை இணைப்பது ரிமோட். டைலர் ஸ்பைவியும் கிறிஸ்டோபர் டோத்தும் உருவாக்கிய துணைநிரலாக (தனியாகச் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் வசதியாக) 2015இல் வந்தது, 2025.1 பதிப்பிலிருந்து ரிமோட் ஆக்சஸ் என்ற பெயரில் என்விடிஏவுக்குள்ளேயே இருக்கிறது. மறுமுனை என்விடிஏ பேச வேண்டிய வாசகம் எழுத்தாகவே நம்மிடம் வருகிறது. அதை நம் கணினியின் குரல், நமக்குப் பழகிய வேகத்தில் பேசுகிறது. அனுப்புவது எழுத்து மட்டும் என்பதால் டேட்டா மிகக் குறைவு. சிக்னல் தள்ளாடும் ஊரிலும் வேலை நடக்கும். காசும் கிடையாது. இதற்கு இணையாக வேறொன்றை என்னால் சொல்ல முடியவில்லை.

ஆனால் முதல் தடவையிலேயே சரியாக இணைந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அதிகம் காதில் விழும் புகார் இது: "அண்ணே, கனெக்ட் ஆன சத்தம் வந்துருச்சு, ஆனா ஒண்ணுமே பேச மாட்டேங்குது." முதலில் கேட்க வேண்டியது, இரண்டு பேரும் என்ன தேர்வு செய்தீர்கள் என்பதை. ஒருவர் கட்டுப்படுத்துபவராகவும் மற்றவர் கட்டுப்படுத்த அனுமதிப்பவராகவும் சேர வேண்டும். இருவரும் ஒரே பக்கத்தைத் தேர்ந்தால், இருவரையும் இணைக்கும் நடுக் கணினியான சர்வரில் சேர்ந்திருப்பார்கள், வேலை மட்டும் நடக்காது.

அடுத்து கீ, அதாவது இணைவதற்கு இருவரும் தட்டும் ரகசியச் சொல். அது இரு பக்கமும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஒருவர் தமிழ் விசைப்பலகையிலேயே இருந்துகொண்டு ஒரு சொல்லைக் கீயாகத் தட்டினால் போய்ச் சேருவது வேறு கீ. விண்டோஸ் + ஸ்பேஸ் அடித்து ஆங்கிலத்துக்கு மாறிக்கொள்ளுங்கள். என்விடிஏவே உருவாக்கித் தரும் ஏழு இலக்க எண்ணைப் பயன்படுத்தி, அதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்புவது இன்னும் நல்லது. போனில் சொல்லி எழுதும்போது இலக்கம் மாறிவிடும்.

இணைப்பே விழவில்லை என்றால் நெட்வொர்க்கைச் சந்தேகப்படுங்கள். இது 6837 என்ற போர்ட் (இணைப்புக்கான வாசல்) வழியாகப் போகிறது. கல்லூரி, அலுவலக வைஃபைகள் சிலவற்றில் அது அடைக்கப்பட்டிருக்கும். போனின் ஹாட்ஸ்பாட்டில் ஒரு தடவை முயன்றால் கோளாறு எங்கே என்று தெரிந்துவிடும். நம் கணினியையே சர்வராக வைக்கும் வசதியும் இருக்கிறது. மொபைல் இணையத்தில் அது பெரும்பாலும் எடுபடாது, பொது சர்வரே போதும்.

தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. பேசுவது உதவுபவரின் கணினிக் குரல் அல்லவா? அவர் தமிழ் பேசாத எலோக்வென்ஸ் குரலைப் போட்டிருந்தால் மறுமுனையில் இருக்கும் தமிழ்க் கோப்பு அவருக்கு வெறும் மௌனம். கோப்பு காலியாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஈஸ்பீக் என்ற குரல் மென்பொருளில் தமிழையோ, விண்டோஸில் கிடைக்கும் வள்ளுவர் குரலையோ வைத்துவிட்டு மறுபடி படியுங்கள்.

நிர்வாகி அனுமதி கேட்கும் திரை வந்ததும் எல்லாம் அடங்கிப்போகிறதா? மறுமுனையில் என்விடிஏ முறையாக நிறுவப்படாமல், பென் டிரைவிலிருந்து போர்ட்டபிளாக ஓடுகிறது என்று பெரும்பாலும் அர்த்தம். மென்பொருள் நிறுவித் தரப்போகிறீர்கள் என்றால் இதை முதலிலேயே விசாரித்துவிடுங்கள். பதிப்பையும் கேளுங்கள்: பழைய துணைநிரலில் கட்டுப்பாட்டை மாற்ற எஃப்11, புதியதில் என்விடிஏ விசை (வழக்கமாக இன்சர்ட்) + ஆல்ட் + டேப். புதிய பதிப்பில் வசதி காணோம் என்றால், அமைப்புகளில் ரிமோட் ஆக்சஸ் பிரிவில் அது இயக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

ஜாஸ் என்பது காசு கொடுத்து உரிமம் வாங்க வேண்டிய இன்னொரு திரைவாசிப்பான். அதன் டேண்டமும் உள்ளேயே இருக்கும் வசதிதான். உதவி கேட்பவருக்கு ஒரு குறியீடு கிடைக்கும், அதை மற்றவரிடம் சொன்னால் போதும். நன்றாகவே வேலை செய்யும். ஆனால் இரண்டு பக்கமும் ஜாஸ் வேண்டும். அதன் உரிமத்தைக் கைக்காசு போட்டு வாங்குவது எல்லோராலும் ஆகிற காரியமில்லை. அலுவலகத்தில் ஜாஸ் வாங்கித் தந்திருக்கிறார்கள், நண்பரிடமும் இருக்கிறது என்றால் சரி. ஒருவரிடம் ஜாஸ், மற்றவரிடம் என்விடிஏ என்றால் டேண்டம் உதவாது. ஜாஸ்காரர் அந்த நேரத்துக்கு மட்டும் என்விடிஏவை ஓடவிடலாம், ஜாஸை நிறுத்திவிட்டு. நிறுத்தாவிட்டால் இரண்டும் சேர்ந்து பேசி ஆளைத் திணறடிக்கும்.

எனிடெஸ்க், டீம்வியூவர், விண்டோஸின் குவிக் அசிஸ்ட் ஆகியவை படத்தைக் கொண்டுவருபவை. பார்வையுள்ளவர் உதவ வந்தால் இவை அருமை. நமக்கோ, மறுமுனைத் திரை முழுவதும் ஒரே படம். நம் திரைவாசிப்பானுக்கு அதில் படிக்க எதுவும் இல்லை. எனிடெஸ்க்கும் டீம்வியூவரும் ஒலியையும் கொண்டுவருவதால், மறுமுனைத் திரைவாசிப்பான் பேசுவதை வைத்துச் சமாளிக்கலாம். குவிக் அசிஸ்டில் அதுவும் இல்லை. ஒலியை நம்பி வேலை பார்க்கையில் நாம் அடிக்கும் இன்சர்ட்டை நம் என்விடிஏவே விழுங்கிவிடும். அந்தச் சாளரத்தில் நின்று என்விடிஏ + ஷிஃப்ட் + எஸ் அடித்து, லேப்டாப் அமைப்பில் எஸ்ஸுக்குப் பதில் இசட் அடித்து, தூங்கும் பயன்முறைக்கு அனுப்புங்கள். பிறகு விசைகள் மறுமுனைக்குப் போகும். தாமதம் இருக்கத்தான் செய்யும். விசையை அடித்துவிட்டுக் காத்திருந்து கேட்க வேண்டும்.

இன்னொன்று. எனிடெஸ்க் வழியே நடக்கும் மோசடிகள் பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியில் வங்கிகளை எச்சரித்தது. அதனால் வீட்டில் உள்ளவர்கள் அந்தப் பெயரைக் கேட்டதும் பதறினால் அது நியாயம்தான். யார் இணைகிறார், எதற்கு என்று அவர்களிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

நியூமா சொல்யூஷன்ஸின் ரிம், திரைவாசிப்பான் பயனர்களை மனதில் வைத்தே செய்யப்பட்டது. மறுமுனை ஒலியும் இருவரின் பேச்சும் அதிலேயே போகும், விண்டோஸ், மேக் இரண்டிலும் ஓடும். மேக் வைத்திருக்கும் நண்பர் இருந்தால் இதைப் பாருங்கள்.

என்விடிஏ ரிமோட்டுக்கு ஒரு பெரிய குறை உண்டு, அதனால்தான் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள் என்கிறேன்: மறுமுனையில் என்விடிஏவே வாயடைத்துப் போனால் ரிமோட்டும் போயிற்று. உதவி மிகவும் தேவைப்படுவது அப்போதுதான். அந்த நேரத்துக்கு என் தேர்வு ஜூம். போனில் பேசிக்கொண்டே கன்ட்ரோல் + ஆல்ட் + என் அடிக்கச் சொல்லுங்கள். என்விடிஏ மறுபடி எழுந்தால் தொல்லை தீர்ந்தது. எழாவிட்டால் கன்ட்ரோல் + விண்டோஸ் + என்டர் அடித்து, விண்டோஸிலேயே இருக்கும் திரைவாசிப்பானான நரேட்டரைப் பேச வைத்து, ஜூம் கூட்டத்தில் ஆல்ட் + எஸ் அடித்துத் திரையைப் பகிரச் சொல்லுங்கள். கணினி ஒலியைப் பகிரும் பெட்டியில் டிக் விழுந்திருக்க வேண்டும்; அதை விட்டுவிட்டால் உங்களுக்கு நரேட்டர் கேட்காது. நாம் விசை எதையும் தொட முடியாது, அவர்தான் அடிக்க வேண்டும், நாம் கேட்டுக்கொண்டே வழி சொல்ல வேண்டும். மெதுவான வேலை. ஆனால் விசையை அடித்தது அவருடைய கை என்பதால், அடுத்த முறை அதே கோளாறுக்கு அவர் நம்மைக் கூப்பிட மாட்டார்.