“முதல்ல பெர்மிட்டைக் காட்டுங்கோ”: கிளிநொச்சியில் ஒரு காணி லோயர்

வட்டக்கச்சிப் பக்கம் காணிப் பிரச்சினை இல்லாத வீடு குறைவு. என் தையல் கடைக்குச் சட்டை தைக்க வருகிறவர்கள் அளவு கொடுத்து முடித்ததும் கேட்பது, “அக்கா, உங்கட லோயர் எப்பிடி?” என்றுதான். ஒவ்வொருவருக்கும் சொல்லிக் களைத்துவிட்டேன், ஆகவே எழுதுகிறேன். பெயர் போடவில்லை. சட்டத்தரணிகள் தங்களை விளம்பரம் செய்யக் கூடாதென்று விதி இருக்கிறது. அவவுக்கும் அது விருப்பமில்லை. கடைக்கு வந்து கேட்டால் சொல்வேன்.

எங்களுடையது இரணைமடுக் குளத்தின் கீழ் அப்பாவுக்குக் கிடைத்த மூன்று ஏக்கர் வயல். அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தின் பேரில் கொடுத்த பெர்மிட் காணி. அப்பா போன பிறகு நான்தான் செய்விக்கிறேன். காலபோக அறுவடை முடிந்த கையோடு சித்தப்பாவின் மகன் வந்து, ஒரு ஏக்கரை மறித்துக் கட்டை நட்டுக் கம்பி இழுத்துவிட்டார். கேட்டால், பெரியப்பா உயிரோடு இருக்கும்போதே எழுதித் தந்தவர் என்று ஒரு உறுதியை, அதாவது காணி எழுதிக் கொடுத்த பத்திரத்தைக் காட்டுகிறார். முத்திரை, கையெழுத்து, இரண்டு சாட்சி எல்லாம் இருக்கிறது. பார்த்தால் யாருக்கும் நெஞ்சு திக்கென்னும்.

முதலில் சொந்தக்காரர் சொல்லி யாழ்ப்பாணத்தில் ஒருவரிடம் போனோம். நல்ல மரியாதையான மனிதர். உறுதியைப் பார்த்தார், மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போடுவோம், ஒன்றரை இலட்சம் கொண்டு வாங்கோ என்றார். பெர்மிட்டைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. எனக்கு மனம் ஒப்பவில்லை.

கிளிநொச்சி லோயர் வயதில் என் மகளைவிடக் கொஞ்சம் பெரியவ. வாயால் “மிஸ்” என்றுதான் கூப்பிடுவேன், மனசுக்குள் பிள்ளை. நான் உறுதியின் பிரதியை நீட்ட, அதை வாங்கி மேசையில் குப்புற வைத்தா.

“அம்மா, இது பிறகு. முதல்ல பெர்மிட்டைக் காட்டுங்கோ. வேலி எப்ப போட்டவை?”

இந்த இரண்டு கேள்விக்குத்தான் நான் காசு கொடுத்தேன் என்று இப்போதும் சொல்வேன்.

பெர்மிட் காணி 1935 ஆம் ஆண்டு காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருவது. பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் அதை விற்கவோ எழுதிக் கொடுக்கவோ முடியாது, எழுதினால் செல்லாது. அந்த உறுதியைத் தூக்கிக்கொண்டு ஊரெல்லாம் திரிந்தாலும் அது வெறும் கடதாசி. எங்கள் பக்கத்தில் இப்படிக் கடதாசியை நம்பிக் காசு கொடுத்துக் காணி வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று நினைத்தால் வயிறு பற்றுகிறது.

வேலி போட்ட நாளைக் கேட்டதற்குக் காரணம் வேறு. 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தில் 66 ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. காணிச் சண்டை அடிபிடியாகப் போகும் நிலை இருந்தால் பொலிஸ் வழக்குத் தாக்கல் செய்யலாம், நாங்களாகவும் செய்யலாம். அங்கே காணி யாருடையது என்று பார்ப்பதில்லை. ஆட்சியில் இருந்தவர் யார் என்பதுதான் கேள்வி. பலவந்தமாக வெளியேற்றப்பட்டிருந்தால், வழக்குப் போடுகிற நாளுக்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் அது நடந்திருக்க வேண்டும். “பெரியாக்களை வைச்சுக் கதைச்சுப் பாப்பம், கோயில் திருவிழா முடியட்டும் எண்டு இழுத்தீங்களோ, இந்த வழி அடைபட்டிடும்” என்றா. எங்களுக்கு இன்னும் நாள் இருந்தது.

அடுத்தது சாட்சி. நான் செய்வித்த வயல் என்று எதைக் கொண்டு காட்டுவது? கமநல சேவை நிலையத்தில் கட்டிய ஏக்கர் வரிப் பற்றுச்சீட்டு, உரமானியம் எடுத்த துண்டு, கமக்காரர் அமைப்பின் கடிதம், பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி. அந்த வகை வழக்கு சத்தியக்கடதாசியாலும் பத்திரங்களாலும் நடப்பது, நீண்ட சாட்சி விசாரணை இல்லை. ஏக்கர் வரிச் சீட்டை எல்லாம் ஒரு பிஸ்கட் பேணியில் போட்டு வைத்திருந்தேன். அவ அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, “இது உங்கட உறுதி, அம்மா” என்றா. கட்டளை எங்கள் பக்கம் வந்தது, கம்பி கழன்றது.

ஆனால் அன்றைக்கே, நீதிமன்ற வாசலில் வைத்தே, இது முடிவில்லை என்றும் சொல்லிவிட்டா. பெர்மிட்டில் பெயர் மாற வேண்டும். அப்பா பின்னுரித்தாளராக, அதாவது தனக்குப் பிறகு காணி சேரவேண்டியவராக, என் பெயரைப் பதிந்திருந்தது பிரதேச செயலகப் பேரேட்டில் இருந்தது, நல்லகாலம். இடம்பெயர்வில் பத்திரங்களைத் தொலைத்துவிட்டு நிற்கிற வீடுகள் வன்னியில் ஏராளம். கனடாவில் இருக்கிற அண்ணாவுக்கு, தேசவழமைப்படி, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டப்படி, தனக்கும் பங்கு வரவேணுமே என்று மனத்தாங்கல். பெர்மிட் காணிக்குத் தேசவழமை செல்லாது, மரணசாசனமும் செல்லாது, பின்னுரித்துப் பதிவுதான் பேசும் என்று அவவே வட்ஸ்அப்பில் அண்ணாவோடு பேசி விளங்கப்படுத்தினா. அதற்குத் தனியாகக் காசு கேட்கவில்லை. பின்னுரித்தாளர் பதிவு இல்லாத வீடுகளில் முன்பு சட்டத்தின் வரிசை ஆண்பிள்ளைகளைத்தான் முன்னுக்கு வைத்தது. 2022 திருத்தம் அந்த ஆண் பெண் வேறுபாட்டை எடுத்தது. பெண்பிள்ளைகளைப் பெற்றவர்கள் இதைக் காதில் போட்டு வையுங்கள்.

என் மச்சாள் கனகபுரத்தில் உறுதிக் காணி, அதாவது பெர்மிட் இல்லாத சொந்தக் காணி, வாங்கியதும் இவவிடம்தான். காணிப் பதிவகத்தில் தேடிப் பார்த்த பிறகே உறுதி எழுதினா. முத்திரை வரி முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுக் கொடுத்தா. உறுதி எழுதி அத்தாட்சிப்படுத்துகிற நொத்தாரிசு வேலையும் செய்கிறவ என்பது வசதி. எல்லா லோயரும் நொத்தாரிசு இல்லை, போகும்போது கேட்டுக்கொள்ளுங்கள்.

இனிக் குறைகள். போன் எடுக்க மாட்டா. நீதிமன்றம் நடக்கிற நேரம் எடுக்க முடியாது, சரி. பின்னேரமும் எடுப்பதில்லை, மூன்றாம் நாள் ஒரு வொய்ஸ் மெசேஜ் வரும். பற்றுச்சீட்டு கேட்டால்தான் தருவா. முதல் ஆலோசனைக்கு 3,000 ரூபா என்பது நியாயம்தான், ஆனால் வழக்குத் தொடங்கினால் வழக்குக் கூப்பிடுகிற ஒவ்வொரு தவணைக்கும் காசு. தவணை எத்தனை வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. எதிர்ப்பக்க லோயர் வராத நாளுக்கும் நாங்கள் கொடுக்கத்தான் வேண்டும், இது எனக்கு இன்னும் சீரணிக்கவில்லை. கிளார்க் தம்பி “அந்தக் கொப்பி, இந்தக் கொப்பி” என்று கேட்கிற சில்லறையை லோயரிடமே நேரே கேட்டுவிட்டுக் கொடுங்கள். உட்காரும் இடம் தகரக் கூரைக்குக் கீழே, சித்திரை மாதம் போனால் அவிந்துவிடுவீர்கள்.

கையில் காசே இல்லாதவர்கள் இவவிடம் போக முதல் சட்ட உதவி ஆணைக்குழுவில் கேட்டுப் பாருங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாகச் செய்கிறார்கள். சின்ன எல்லைத் தகராறு என்றால், வழக்கில்லாமல் பேசித் தீர்த்து வைக்கிற இணக்கசபையும் இருக்கிறது. இதைக்கூட எனக்குச் சொன்னது இவதான். தன்னிடம் வந்த ஒரு ஐயாவை, வேலியோரப் பனை இரண்டுக்காக வழக்கா என்று பேசி, இணக்கசபைக்குத் திருப்பி அனுப்பியதை என் கண்ணால் பார்த்தேன்.

போகிறவர்கள் காலையில் போகாதீர்கள், அந்த நேரம் நீதிமன்றத்தில் நிற்பா. பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு போனால் ஆறுதலாக இருந்து கேட்பா. மூலப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பிரதியை மட்டும் கொடுங்கள்.